ஆசாரி பட்டறையை மூடினா நாயனம் யார் கடையறது?

நம்ம பக்கத்துல நாயனம் கடையுற பெரியவங்க ஒவ்வொருத்தரா உளியைக் கீழ வெச்சுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தருக்குக் கண்ணு மங்கிப் போச்சு, ஒருத்தருக்குக் கை நடுக்கம், இன்னொருத்தருக்கு முட்டி மடக்க முடியல. முதல்ல புது ஆர்டர் எடுக்கறதை நிறுத்துறாங்க. அப்புறம் பழசை மட்டும் சரி பண்ணிக் கொடுக்கறாங்க. கொஞ்ச நாள்ல அதுவும் நின்னுபோகுது. பட்டறை இருந்த திண்ணையில பைக் நிக்குது.

இந்த மாதிரி ஒரு செய்தி வந்தா டீக்கடையில ரெண்டு பேச்சுதான் அடிபடும். "அவரு பசங்க ஏன் கத்துக்கல?"ன்னு ஒருத்தர் கேப்பார். "அரசாங்கம் ஏதாவது செய்யணும்ப்பா"ன்னு இன்னொருத்தர் சொல்வார். டீ குடிச்சு முடிஞ்சதும் பேச்சும் முடிஞ்சுடும். எனக்கு இந்த ரெண்டு பேச்சுமே நாம நைசா நழுவிக்கறதுக்கான வழியாத்தான் தெரியுது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எழுபது வயசு ஆசாரி ஓய்வெடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல. அவரைப் பாத்து "ஐயோ, கலை அழியுதே, விட்டுடாதீங்க"ன்னு கையைப் பிடிச்சு அழறது நியாயமும் இல்ல. வாத்தியார் ஓய்வு பெறலாம், தாசில்தார் ஓய்வு பெறலாம், ஆசாரி மட்டும் சாகற வரைக்கும் கடையணுமா? நாம கேக்க வேண்டிய கேள்வி வேற. அவர் கை நல்லா ஓடின நாப்பது அம்பது வருஷத்துல நாம அவருக்கு என்ன கொடுத்தோம்? மரியாதை நிறையவே கொடுத்தோம். பொன்னாடை போத்தினோம். ஆனா தேவையான அளவு வேலை, நல்ல மரம், கூட நின்னு கத்துக்க வர்ற ஒரு பையனுக்குக் கூலி, இந்த மூணையும் கொடுத்தோமான்னு கேட்டா பதில் இல்ல.

வெளியூர்லேருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கறவங்களுக்காக ஊர் விவரம் கொஞ்சம். கும்பகோணத்துலேருந்து மயிலாடுதுறை போற வழியில ஆடுதுறை தாண்டினா நரசிங்கம்பேட்டை. பாசஞ்சர் ரயில் நிக்கிற சின்ன ஸ்டேஷன். அந்த ஊர் நெல்லுக்கோ வாழைக்கோ பேர் வாங்கல, நாயனத்துக்குப் பேர் வாங்குச்சு. பக்கத்துலயே திருவாவடுதுறை. நாதஸ்வரச் சக்கரவர்த்தின்னு எல்லாரும் சொல்ற டி.என். ராஜரத்தினம் பிள்ளை அந்த ஊர்க்காரர். 1898-ல பொறந்து 1956-ல காலமானவர். 1947-ல சுதந்திரம் வந்தப்ப டெல்லிக்குப் போய் வாசிச்சவர்.

அவருக்கு முந்தின காலத்துல இருந்தது திமிரி நாயனம். குட்டையா இருக்கும், சுருதி உசரமா இருக்கும். கோயில் வெளிப்பிராகாரத்துல வாசிச்சா நாலு வீதிக்குக் கேக்கும். ஆனா அதுல சுத்த மத்யமம் சரியா நிக்காது. வாசிக்கறவர் உதட்டாலயும் விரலாலயும் சமாளிச்சுக்கணும். ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்தச் சமாளிப்பு பிடிக்கல. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிதான் அவருக்காக நீளத்தைக் கூட்டி, துளை வெக்கிற இடத்தை மாத்தி, சுத்த மத்யமம் சுத்தமாப் பேசுற பாரி நாயனத்தைச் செஞ்சு கொடுத்தார். இன்னிக்கு நம்மூர்க் கல்யாணத்துல நீங்க கேக்கற நாயனம் அந்த வழியில வந்ததுதான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ராஜரத்தினம் பிள்ளை கடையில போய் ஒரு நாயனத்தை எடுத்துப் பாத்து வாங்கிட்டு வரல. அவருக்கு என்ன குறைன்னு சொன்னார். கேட்டவர் அதைப் புரிஞ்சுக்கிட்டு மரத்துல பதில் சொன்னார். வித்வான் பேர் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். ஆசாரி பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம தாலுக்காவுலயே கேட்டுப் பாருங்க.

ஒரு நாயனம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சாதான் ஒரு ஆசாரி நிறுத்தினா என்ன போகுதுன்னு புரியும்.

மரம் ஆச்சா. வறண்ட காட்டுல மெதுவா வளர்ற மரம். வைரம் பாய்ஞ்ச கட்டையைத் தண்ணியில போட்டா முங்கிடும், அவ்வளவு கனம். அதுவும் புதுசா வெட்டின மரம் ஆகாது. பழைய வீட்டுல உத்தரமாவோ தூணாவோ எழுபது எம்பது வருஷம் நின்னு, ஈரமெல்லாம் போய், இனிமே சுருங்கவும் விரியவும் ஒண்ணுமில்லன்னு ஆன கட்டைதான் வேணும். ஏன்னு நம்ம விவசாயிங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பச்சை மரத்துல கலப்பை செஞ்சா மறு போகத்துக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். கலப்பை வெடிச்சா ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். நாயனத்துக்குள்ள மயிரிழை வெடிப்பு விட்டா சுருதி போச்சு. ஒரு பக்கம் வெயில்ல நின்னு வாசிக்கற சூடு, இன்னொரு பக்கம் வாயிலேருந்து போற ஈரக்காத்து. ரெண்டையும் தாங்கற மரம் அது ஒண்ணுதான்னு வாசிக்கறவங்க சொல்வாங்க.

அந்தக் கட்டையைப் பொளந்து, சீவி, கடைசல்ல மாட்டி உருட்டிக் கடையணும். அந்தக் காலத்துல ஒருத்தர் கயிறு போட்டு இழுக்க இன்னொருத்தர் உளி பிடிப்பார். இப்ப மோட்டார். வெளிய கடையறது பாதி வேலைகூட இல்ல. உள்ள துளை போடறதுதான் வேலை. மேல சின்னதா ஆரம்பிச்சு கீழ போகப் போக அகலமாகணும். ரெண்டு அடிக்கு மேல நீளமான கட்டைக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத இடத்துல, இந்தச் சரிவு ஒரே சீரா வரணும். விரல் வெக்க ஏழு துளை. கீழ்ப்பக்கம் இன்னும் அஞ்சு துளை உண்டு. அதுல விரல் படாது. மெழுகு அடைச்சோ எடுத்தோ சுருதியைச் சரி பண்ணிக்கறதுக்கு அது. இந்த மரக்குழாய்க்கு உலவுன்னு பேர். கீழ விரிஞ்ச வாய்க்கு அணசு. மேல கெண்டை, அதுல சீவாளி.

இதெல்லாம் அளவுகோல் வெச்சுச் செய்யலாமேன்னு தோணும். அளவு உண்டுதான். ஆனா எந்த ரெண்டு கட்டையும் ஒரே மாதிரி இருக்காது, எந்த ரெண்டு வாசிப்பும் ஒரே மாதிரி இருக்காது. ஒருத்தருக்கு விரல் நீளம், ஒருத்தருக்குக் குட்டை. ஒருத்தருக்கு மூச்சு தாட்டியா இருக்கும், இன்னொருத்தர் நிதானமா ஊதுவார். ரெண்டு கட்டை சுருதி கேக்கறவங்க உண்டு, ரெண்டரை கேக்கறவங்க உண்டு. ஆசாரி துளையைப் போட்டு, ஊதிப் பாக்கச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டு, ஒரு சுரண்டு சுரண்டி, மறுபடி ஊதச் சொல்லுவார். ஏர் ஓட்டறவன் உசரம் பாத்து மேழி வெச்ச ஆசாரிங்க நம்மூர்ல இருந்தாங்க இல்லையா, அது மாதிரிதான். பொருள் ஆளுக்குத் தகுந்த மாதிரி வரும்.

அதனால ஒரு ஆசாரி ஓய்வெடுத்தா மூணு விஷயம் கூடவே போகுது.

முதல் விஷயம் ரிப்பேர். நல்ல நாயனம் ஒரு ஆள் வாழ்நாள் பூரா வரும். ஆனா நடுவுல துளை தேயும், சின்ன வெடிப்பு விடும், கெண்டை உக்கார்ற இடம் லூசாகும். அதைச் செஞ்ச கைக்குத்தான் அதோட உள்ளு தெரியும். எங்க கோயிலுக்கு வாசிக்க வர்ற நாயனக்காரர் ஒருத்தர் தன்னோட வாத்தியத்தைப் பொண்ணைப் பிரசவத்துக்கு அழைச்சுக்கிட்டு வர்ற மாதிரி மடியில வெச்சுக்கிட்டுதான் பஸ்ல வருவார். ஏன்னா அது உடைஞ்சா சரி பண்ணக் கொடுக்க இப்ப ஆள் இல்ல.

ரெண்டாவது, வேண்டாம்னு சொல்ற அறிவு. கட்டையைத் தட்டிப் பாத்து "இது ஆகாது"ன்னு ஒதுக்கற காது. புதுசாக் கத்துக்கறவன் ஒரு வருஷத்துல கடையக் கத்துக்கலாம். எதைக் கடையக்கூடாதுன்னு கத்துக்கப் பல கட்டையை வீணாக்கணும். அந்த வீணைத் தாங்கறதுக்குக் கையில காசு வேணும், பக்கத்துல குரு இருக்கணும்.

மூணாவது, ஞாபகம். யாருக்கு எந்த அளவுல செஞ்சோம், அது எப்படிப் பேசுச்சு, எந்தத் திருத்தத்துக்கு அப்புறம் சரியாச்சுன்னு எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருக்கு. நோட்டுல எழுதி வெச்சவங்க குறைவு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம்தான். பேரை வேற யாரும் திருட முடியாது. ஆனா புவிசார் குறியீடு பேரைத்தான் காப்பாத்தும். கையை அது காப்பாத்தாது. கடையற ஆள் இல்லாத ஊருக்குக் குறியீடு இருந்து என்ன, சாகுபடி இல்லாத நிலத்துக்குப் பட்டா இருக்கற மாதிரிதான்.

இப்ப டீக்கடைக் கேள்விக்கு வர்றேன். பசங்க ஏன் கத்துக்கல?

இதைக் கேக்கற யோக்கியதை நமக்கு இருக்கான்னு முதல்ல பாக்கணும். இந்தப் பக்கத்தைப் படிக்கற விவசாயிங்கள்ல எத்தனை பேர் பையனை வயல்ல இறக்க ஆசைப்படறோம்? "என் கஷ்டம் என்னோட போகட்டும், நீ படிச்சு ஒரு வேலைக்குப் போ"ன்னு நாமே சொல்றோம். அதே வார்த்தையை ஆசாரி தன் பையன்கிட்ட சொன்னா மட்டும் அது கலைக்குச் செஞ்ச துரோகமா? அப்பா முதுகு வளைஞ்சதை, அட்வான்ஸ் வாங்கினதை, செஞ்சு வெச்ச வாத்தியத்தை வாங்கிக்கறேன்னவர் ஆறு மாசம் வராம போனதை அந்தப் பையன் பாத்துக்கிட்டே வளர்ந்திருக்கான். அவன் சென்னைக்குப் போனான்னா அவன் கணக்குல தப்பில்ல.

இந்தத் தொழிலோட கணக்கே ஒரு மாதிரி. வேலை எவ்வளவு சுத்தமா செய்யறாரோ அவ்வளவு நாள் அடுத்த ஆர்டர் வராது. மட்டமாச் செஞ்சா ரெண்டு வருஷத்துல திரும்பி வருவாங்க. நல்லாச் செஞ்சா முப்பது வருஷம் வரமாட்டாங்க. அப்ப நல்ல ஆசாரி பொழைக்கணும்னா புதுசா வாசிக்கறவங்க வந்துகிட்டே இருக்கணும். புதுசா வாசிக்கறவங்க வரணும்னா வாசிக்கறவங்களுக்கு வேலை இருக்கணும். அந்த வேலையைக் கொடுக்கறது யாரு? நாமதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எல்லாம் நம்ம வீட்டு விசேஷம்.

அங்க என்ன நடக்குது? முகூர்த்தத்துக்கு ஸ்பீக்கர்ல பதிவு பண்ண கெட்டிமேளம். மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம். செண்டை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, அவங்களும் உழைச்சுக் கத்துக்கிட்ட கலைஞர்கள்தான். ஆனா இருபது பேர் செண்டைக்குக் கொடுக்கத் தயங்காத வீடு, நாலு பேர் நாயனக் குழுவுக்கு வரும்போது மட்டும் ஏன் பேரம் பேசுது? கோயில்ல இன்னும் மோசம். சுவிட்சைப் போட்டா மணியும் முரசும் தானா அடிக்கிற மிஷின் இப்ப சின்னச் சின்னக் கோயிலுக்கெல்லாம் வந்தாச்சு. உபயதாரர் பேரு பெரிசா எழுதியிருக்கும். அந்த மிஷினுக்குச் சம்பளம் வேண்டாம்னு கமிட்டியில பெருமையாச் சொல்வாங்க. சம்பளம் வேண்டாததனால அதுக்குக் குடும்பமும் இல்ல, சிஷ்யனும் இல்ல. அதுக்கு நாயனம் கடைஞ்சு கொடுக்க ஆசாரியும் தேவையில்ல. வரிசையாப் போகுது பாருங்க.

மிஷின்லயே நாயனம் கடைஞ்சா என்னன்னு இளவட்டங்க கேக்கறாங்க. கேக்கட்டும், கேக்க வேண்டிய கேள்விதான். கம்ப்யூட்டர் கடைசல்ல வெளி உருவத்தை மிஷின் அச்சாக் கொண்டு வந்துடும். உள் துளையைக்கூட ஓரளவு போட்டுடலாம். அதனால ஆசாரிக்கு இடுப்பு வலி குறையும்னா வரட்டுமே, நாம டிராக்டரை வேண்டாம்னா சொன்னோம்? ஆனா கடைசியில ஊதச் சொல்லிக் கேட்டுச் சுரண்டற வேலை இருக்கே, அதுக்கு ஒரு காது வேணும். டிராக்டர் உழும். எப்ப உழணும்னு மண்ணை எடுத்துப் பிசைஞ்சு பாக்கறவன்தான் சொல்லணும். மிஷின் வந்தாலும் அந்தக் காதுக்கு ஆள் தயார் பண்ணியாகணும். அந்தக் காது இருக்கற கடைசித் தலைமுறை இப்ப உளியைக் கீழ வெக்குது. அதுதான் அவசரம்.

நல்லாச் செய்யறவங்க நிறுத்தின பிறகுதான் ஊர் முழிச்சுக்கறது நம்ம நாட்டுல மட்டும் நடக்கற விஷயமில்ல. அமெரிக்காவுல பூல்னு ஒரு ஆட்டம் இருக்கு. மேசையில பந்தை வெச்சுக் கோலால தட்டி ஓரத்துக் குழியில தள்ளணும், கிளப்ல ஆடற பில்லியர்ட்ஸ் மாதிரி. அந்தக் கோலைக் கடையறதுக்கும் பேர் போன ஆளுங்க உண்டு. ஆடறவர் கைக்கும் பிடிக்கும் தகுந்த மாதிரி எடை பாத்து, சரிவு பாத்து, ஆளுக்கு ஒண்ணாக் கடைஞ்சு கொடுப்பாங்க. வேலைன்னு பாத்தா நம்ம ஆசாரிக்குப் பங்காளி. அதுல ஜார்ஜ் பலபுஷ்கான்னு ஒருத்தர். ரஷ்யாவுல பொறந்து, சின்ன வயசுல 1924-ல அமெரிக்கா வந்து, நியூயார்க்ல மரவேலை பாத்தவர். 1959-ல கோல் செய்ய ஆரம்பிச்சு 1975-ல சாகற வரைக்கும் செஞ்சார். அவர் போனதுக்கு அப்புறம் 1986-ல தி கலர் ஆஃப் மணின்னு ஒரு படம் வந்துது. அதுல அவர் பேர் அடிபட்டு உலகம் பூரா தெரிஞ்சுது. படத்துல காட்டின கோல் அவர் செஞ்சதுகூட இல்ல, வேற கம்பெனியோடது. இன்னிக்கு அவர் கை பட்ட கோலைச் சேர்த்து வெக்கறவங்க பெரிய விலை கொடுத்து வாங்கறாங்க. அந்தக் காசுல ஒரு பைசாகூட அவர் கைக்குப் போகாது.

ஆனா அதே தொழில்ல இன்னொரு சங்கதியும் உண்டு. கஸ் சம்போட்டின்னு பென்சில்வேனியாவுல ஒரு ஆசாரி. 1988-ல காலமானார். அவர் பையன் அந்தத் தொழிலை எடுத்து நடத்தினார். அங்க நல்ல கோலுக்கு ஆளுங்க பேரைப் பதிஞ்சு வருஷக்கணக்கா காத்திருக்கறது வழக்கம். ஆசாரியைத் தேடி ஆர்டர் வரிசையில நிக்குது. அப்படி இருந்தா பையன் தொழிலுக்கு வர்றதுல ஆச்சரியம் என்ன? பாசத்தால மட்டும் யாரும் பட்டறையில உக்கார மாட்டாங்க. உலையும் கொதிக்கணும்.

சரி, நாம என்ன செய்யலாம்? அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல நம்ம கையில இருக்கறதைப் பாப்போம்.

முதல்ல மரம். நம்ம பக்கத்துல வாரத்துக்கு ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கறாங்க. கான்கிரீட் வீடு கட்டறாங்க. அது அவங்க சௌகரியம். பிரிக்கும்போது உத்தரம், தூண், நிலை எல்லாம் வியாபாரிக்கு மொத்தமாப் போகுது. தேக்கு, பர்மா தேக்குன்னா விலை கேக்கறோம். ஆச்சாவைக் கண்டா "இது இழைக்கவே வராதுங்க, கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொல்லி விறகு விலைக்கு அடிச்சுக் கேப்பாங்க. அந்தக் கல்லு மாதிரி இருக்கறதுக்குத்தான் ஆசாரி அலையறார். வீடு பிரிக்கறவங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கட்டையை லாரியில ஏத்தறதுக்கு முன்னால கடைசல் ஆசாரி ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. தானமாக் கொடுக்கச் சொல்லல. நியாயமான விலைக்குக் கொடுங்க. உங்க தாத்தா வீட்டு உத்தரம் எங்கயோ ஒரு ஓட்டல்ல மேசையா நிக்கறதைவிட ஒரு கோயில்ல நாயனமா இருக்கறது நல்லதா இல்லையா?

அடுத்தது நாணல். நாயனம் இருந்து சீவாளி இல்லன்னா அது வெறும் குழாய். சீவாளி செய்யறது கொறுக்கைத் தட்டைன்னு சொல்ற நாணல்ல. காவேரிக் கரையிலயும் வாய்க்கால் ஓரத்துலயும் வளர்றது. திருவாவடுதுறைப் பக்கம் இதை அறுத்து, காய வெச்சு, அவிச்சு, கட்டிச் செய்யற குடும்பங்க உண்டு. சீவாளி சீக்கிரம் தேயும். வாசிக்கறவங்களுக்குத் திரும்பத் திரும்ப வேணும். நாம என்ன பண்றோம்? வாய்க்கால் தூர்வாரும்போது ஜேசிபியை விட்டு ரெண்டு கரையையும் மொட்டை அடிக்கறோம். தண்ணி போகணும், நானும் விவசாயிதான், தூர்வார வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கரையில ஒரு அம்பது அடிக்கு நாணலை விட்டு வெக்கறதுல பாசனத்துக்கு ஒரு கெடுதலும் இல்ல. கரையும் சரியாம நிக்கும். அறுக்க வர்றவங்களைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்காம இருந்தாலே போதும்.

மூணாவது, விசேஷம். வீட்டுல கல்யாணம் வெச்சா நாயனத்தைப் பத்திரிகையில போடறதோட நிறுத்தாதீங்க. முகூர்த்தத்துக்கு மட்டும்னு கூப்பிட்டு ஒரு மூலையில உக்கார வெச்சு, மைக்ல சினிமாப் பாட்டுப் போட்டு அமுக்காதீங்க. முதல்நாள் சாயந்தரம் ஒரு மணி நேரம் வாசிக்க விடுங்க. உக்காந்து கேளுங்க. அப்படியே யார் செஞ்ச நாயனம்னு கேட்டு, வாசிக்கறவர் பேரோட செஞ்சவர் பேரையும் மைக்ல சொல்லுங்க. காசு செலவில்ல.

நாலாவது, கோயில் கமிட்டி. சுவிட்சு மேளத்துக்குக் கொடுக்கற உபயத்தை ஒரு வருஷம் மாத்திக் கொடுங்க. அரசு இசைப்பள்ளியில நாதஸ்வரம் கத்துக்கற பசங்க நம்ம ஊர்ப் பக்கமே இருக்காங்க. சொந்தமா நல்ல நாயனம் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்க. ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ ஊர் சார்பா ஒரு நாயனம் செய்யச் சொல்லுங்க. கடையில ரெடியா இருக்கறதை வாங்காதீங்க. அந்தப் பிள்ளையை ஆசாரிகிட்ட அழைச்சுக்கிட்டுப் போய், விரலைக் காட்டி, ஊதிக் காட்டி, சொல்லிச் செய்யுங்க. ஒரு ஆர்டர்ல ரெண்டு பேர் பொழைப்பாங்க. வருஷத்துக்கு ஒரு ஊர் ஒரு நாயனம்னு டெல்டாவுல இருக்கற கிராமங்கள்ல கொஞ்சம் பேர் ஆரம்பிச்சாலே ஒரு பட்டறைக்கு வேலை ஓடும்.

கடைசியா அரசாங்கம். நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. ஓய்வெடுக்கற ஆசாரிக்கு மாசச் சம்பளம் கொடுத்து வாத்தியார் ஆக்குங்க. கடைய முடியாத கைக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். கை நடுங்கினாலும் காது நடுங்காது. ரெண்டாவது, அவர்கிட்ட கத்துக்க வர்ற பையனுக்கு அந்த வருஷங்கள்ல வீட்டுக்குக் கொண்டு போற மாதிரி ஒரு தொகை கொடுங்க. ஒரு வாரப் பயிற்சி, சான்றிதழ், போட்டோ, பிரியாணி, இது வேலைக்கு ஆகாது. கட்டையை வீணாக்கிக் கத்துக்கற தொழிலுக்கு வருஷக்கணக்கு வேணும், வீணாகிற கட்டைக்கும் யாராவது காசு கொடுக்கணும். கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோயில்ல கல்லுல செஞ்ச நாதஸ்வரம் ஒண்ணு இருக்கு. போறவங்க எல்லாம் அதிசயமாப் பாக்கறோம். மர நாயனமும் அப்படிக் கண்ணாடிக்குள்ள வெச்சுப் பாக்கற பொருளா ஆயிடக்கூடாது. அது தினம் ஊதறதுக்கு இருக்கற பொருள்.

ஆசாரியைப் பாக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. "நிறுத்தாதீங்க ஐயா"ன்னு சொல்லாதீங்க. போதும்னு அவர் முடிவு பண்ணினா கும்பிட்டுட்டு, "யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கீங்களா, அவங்க எங்க இருக்காங்க"ன்னு கேளுங்க. அந்த ஆளைத் தேடிப் போய் ஆர்டர் கொடுங்க. முதல் நாயனம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். முதல் வருஷ சாகுபடி எவனுக்கு முழுசா வந்திருக்கு?

நம்ம பக்கத்துல இந்தத் தை மாசத்துக்கு அப்புறம் பழைய வீடு பிரிக்கப் போறவங்க யாராவது இருந்தா, ஆச்சாக் கட்டை இருக்குன்னு சந்தேகம் இருந்தா, எனக்குச் சொல்லி அனுப்புங்க. அறுவடை முடிஞ்சா எனக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். பைக்கை எடுத்துக்கிட்டு ஆசாரி ஒருத்தரை ஏத்திக்கிட்டு நானே வந்து பாக்கறேன். லாரி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னாப் போதும்.